வேடிக்கை பார்ப்பவன் கையில் ஒரு வடம்

மாட்டுப் பொங்கலன்று விடியும்போது திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் பெரிய நந்தி, காய், கனி, இனிப்பு, முறுக்கு என்று கோத்த மாலைகளுக்குள் பாதி மறைந்திருக்கும். அன்றைக்கே திருவூடல் தெருவில் சுவாமிக்கும் அம்மனுக்கும் ஊடல் நடக்கும். நகரம் இப்படித் தன் முறையில் மாட்டுப் பொங்கலைக் கொண்டாடிக்கொண்டிருக்க, மாவட்டத்தின் வடக்கே ஆரணி, போளூர், கண்ணமங்கலம் வட்டாரங்களில் வேறொரு விழா தொடங்கிவிடும். அரசு ஆணைகளில் அதன் பெயர் எருது விடும் விழா. ஊரில் மாடு விடுவது என்பார்கள். தெருவின் இரு ஓரமும் சவுக்குக் கட்டைகளால் தடுப்பு கட்டியிருப்பார்கள். வாடிவாசல் திறந்ததும் காளை சில நொடிகளில் தெருவைக் கடந்துவிடும். குறைந்த நேரத்தில் கடந்த காளைக்கு முதல் பரிசு. அந்தச் சில நொடிகளுக்குள் இரு ஓரத்திலிருந்தும் கைகள் நீளுகின்றன. முதுகில் ஓர் அறை, வாலில் ஓர் இழுப்பு, முகத்துக்கு நேரே துண்டை உதறி ஒரு வீச்சு. காளை மிரண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அந்தப் பக்கத்துத் தடுப்பு ஆடும். கையை நீட்டியவன் அதற்குள் விலகியிருப்பான். பின்னால் நின்ற பெரியவரோ சிறுவனோ கொம்புக்குக் கிடைப்பார். இந்த விழாக்களில் இறந்தவர்களில் பலர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

ஒவ்வொரு தையிலும் இதன்பின் எழும் பேச்சு ஒன்றுதான்: இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டார்கள், குடித்துவிட்டு வருகிறார்கள், யார் சொல்லியும் கேட்பதில்லை. குடிப்பதும் கேட்காததும் உண்மை. ஆனால் பிள்ளைகள் கெட்டதால்தான் விழா கெட்டது என்ற முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. விழாவில் ஏதோ ஒரு வேலையோடு நின்றவனை நாம் வேலையற்ற வேடிக்கையாளனாக ஆக்கிவிட்டோம். பிறகு அவனைக் கட்டுப்படுத்தத் தடுப்பையும் தடியையும் தேடுகிறோம். இந்த மாவட்டத்தின் பழைய சான்றுகளைப் பார்த்தாலே இது விளங்கும்.

செங்கம் வட்டாரத்து நடுகற்களிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் நூலாக வெளியிட்ட இந்தக் கற்களில் பல, பல்லவர் காலத்தவை. அவற்றின் செய்தி பெரும்பாலும் மாட்டைப் பற்றியது. தொறு என்று கல்வெட்டு சொல்லும் மாட்டு மந்தையைக் கவரப் போனவன், மீட்கப் போனவன், அந்தச் சண்டையில் பட்டவன் ஆகியோருக்கு எடுத்த கற்கள் இவை. எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போய் இறந்தவனோடு, கள்ளர்களைக் கடித்து அவன் பக்கத்திலேயே நின்ற கோவிவன் என்னும் நாயையும் அந்தக் கல் காட்டுகிறது. நாய்க்கும் பெயர் இருக்கிறது, உருவம் இருக்கிறது, வேலை இருக்கிறது. மாட்டை விரட்டும் இன்றைய விழா இந்தச் சண்டைகளிலிருந்து நேராக வந்தது என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சான்று போதாது. மாடு ஓடும் இடத்தில் சும்மா நிற்பவன் என்று ஒருவன் இந்தக் கற்களில் இல்லை என்பதே நான் கவனிப்பது. ஏறு தழுவுதலை விரிவாகச் சொல்லும் கலித்தொகையின் முல்லைப் பகுதியிலும் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் அவர்களுக்குப் பரண் என்று ஓர் இடம் இருந்தது. யார் எந்தக் காளையை அடக்கினான் என்று பார்த்துச் சொல்வதும், அதை வைத்து மணம் முடிவாவதும் அவர்கள் பாடு. பார்ப்பதே அங்கே ஒரு பொறுப்பு.

உழவு மாடு வீட்டுக்கு வீடு இருந்த காலம் வரை கிராமத்து மாட்டுப் பொங்கலும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. மாட்டைக் குளிப்பாட்ட ஒருவன், கொம்புக்கு வண்ணம் பூச ஒருவன், கழுத்துக்குத் துண்டும் சலங்கையும் கட்ட ஒருவன் என்று வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அன்று கையில் வேலை. தெருவில் அவிழ்த்து விட்டால் ஓடுவது தெரிந்த வீட்டு மாடு. அதன் வாலை முறுக்கியவனை மாட்டுக்காரர் பெயர் சொல்லி அழைத்துத் திட்டுவார். சாயங்காலத்துக்குள் செய்தி அவன் வீட்டுக்குப் போய்விடும். டிராக்டர் வந்தது, ஏர் மறைந்தது, வீட்டு மாடு குறைந்தது. பந்தயத்துக்கென்றே தீனி போட்டு வளர்க்கும் காளைகள் வந்தன. நுழைவுக் கட்டணம் கட்டி, வேனில் ஏற்றி, மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகும் காளைகள் அவை. பரிசு துண்டிலிருந்து ரொக்கத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உயர்ந்தது. பார்க்க வருபவனும் இருசக்கர வண்டியில் ஐம்பது கிலோமீட்டர் தாண்டி வருகிறான். காளை யாருடையது என்று அவனுக்குத் தெரியாது. அவன் யார் என்று ஊருக்குத் தெரியாது. காளையைத் தொட்ட அந்த ஒரு நொடியைத் தவிர அவனுக்கு இந்த விழாவோடு வேறு உறவு இல்லை. அந்த நொடியைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்ற துடிப்பு இங்கிருந்துதான் வருகிறது.

சட்டம் இந்த இடைவெளியை மூடவில்லை. 2009-இல் தமிழ்நாடு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மாநில அரசு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி விளையாட்டை மீட்டது. எருது விடும் விழாவும் அந்தத் திருத்தத்துக்குள் வருகிறது. 2023 மே 18-இல் அரசியல் சாசன அமர்வு அதைச் செல்லும் என்றது. இந்த நீண்ட வழக்கில் காளையின் வலி பேசப்பட்டது, பண்பாட்டு உரிமை பேசப்பட்டது. இரண்டும் பேசப்பட வேண்டியவையே. விதிகளிலோ பார்வையாளன் இரட்டைத் தடுப்புக்குப் பின்னால் நிறுத்தப்பட வேண்டிய கூட்டம், அவ்வளவுதான். தடுப்பு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. அது உயிர் காக்கிறது. ஆனால் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் ஐயாயிரம் இளைஞர்கள் அங்கே என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியை எந்த விதியும் கேட்கவில்லை.

பதிலுக்குச் சான்று அந்த வழக்கின் வரலாற்றுக்குள்ளேயே இருக்கிறது. 2017 ஜனவரி 17 முதல் அந்தத் தடையை எதிர்த்துச் சென்னை மெரினாவில் கூடியவர்கள் இதே வயதினர், இதே கிராமங்களின் பிள்ளைகளும் அதில் உண்டு. அவர்கள் குப்பை பொறுக்கினார்கள், போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார்கள், பெண்கள் இரவிலும் அச்சமின்றி உட்கார வழி செய்தார்கள். 23-ஆம் தேதி காவல்துறை கலைத்தபோது வன்முறையில் முடிந்தது என்பதும் அதே வரலாறுதான். அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனாலும் அந்த ஆறு நாள் ஒழுங்கை எந்தத் தடியும் உண்டாக்கவில்லை. மறுபக்கம், 2023 பிப்ரவரி 2-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் கோபசந்திரத்தில் நடந்ததைப் பாருங்கள். காளைகளும் கூட்டமும் வந்து சேர்ந்த பிறகும் அனுமதி உறுதியாகவில்லை. காத்திருந்த இளைஞர்கள் தேசிய நெடுஞ்சாலையை மறித்தார்கள். பேருந்துகள் மீது கல் விழுந்தது. கண்ணீர்ப்புகை வரை போனது. கல் எறிந்தது குற்றம், அதில் இரண்டு பேச்சு இல்லை. வேலையும் இல்லாமல் தகவலும் இல்லாமல் நிறுத்திவைத்த கூட்டம் எதில் போய் முடியும் என்பதற்கும் அந்த நாளே சாட்சி.

இந்தப் பாடத்தைக் கற்க நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. கார்த்திகைத் தீபப் பெருவிழாவின் ஏழாம் நாள் அண்ணாமலையார் மாட வீதிகளில் ஐந்து தேர்கள் ஓடுகின்றன. பராசக்தி அம்மன் தேரைப் பெண்கள் மட்டுமே இழுப்பார்கள். கடைசியாக வரும் சண்டிகேசுவரர் தேரின் வடம் சிறுவர் சிறுமியர் கையில். கூட்டத்தில் புகுந்து தொந்தரவு செய்யும் வயது என்று நாம் பயப்படும் வயதுக்கு முன்பே, ஊர் அவர்களிடம் ஒரு தேரை ஒப்படைத்திருக்கிறது. பெரிய தேர் திருப்பத்தில் திரும்பும்போது சக்கரத்தின் அருகே குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பாருங்கள். கட்டையைத் தள்ளிய கையை நொடிப்பொழுதில் பின்னுக்கு இழுக்கிறார்கள். ஆயிரம் பேர் வடத்தை இழுக்கும் வேகம் அந்தக் கட்டையில்தான் அடங்குகிறது. அந்த இடத்தில் யாரும் வாலாட்டுவதில்லை. தள்ளினால் யார் உயிர் போகும் என்பது வடம் பிடித்த ஒவ்வொருவனுக்கும் தெரியும்.

அது சாமி காரியம், இது பந்தயம், இரண்டும் ஒன்றாகுமா என்று கேட்பார்கள். பக்தி ஒன்றே கூட்டத்தை அடக்கிவிடாது. தீபத்தன்று மலையேறும் கூட்டத்துக்குச் சில ஆண்டுகளாகவே அனுமதிச் சீட்டும் எண்ணிக்கை வரம்பும் தேவைப்பட்டன. 2024 டிசம்பர் முதல் நாள் மண்சரிவில் ஏழு உயிர்கள் போன பிறகு அந்த ஆண்டு பக்தர்கள் மலையேறவே அனுமதி இல்லை. பக்தியோடு ஏற்பாடும் வேண்டியிருக்கிறது. காளை விடும் தெருவிலும் ஏற்பாடு வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

கடுமையாக நடந்துகொண்டால் சரியாகிவிடும் என்பது இரண்டாவது வாதம். தடியடியால் கூட்டம் கலையும். அடுத்த ஆண்டு அதே கூட்டம் கூடுதல் கோபத்தோடு வரும். கூட்டத்தை வெறும் ஆபத்தாகவே பார்ப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இங்கிலாந்து பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1989 ஏப்ரல் 15-இல் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நெரிசலில் சிக்கியவர்களில் 97 பேர் இறந்தார்கள். ரசிகர்கள் மைதானத்துக்குள் குதிக்காமல் இருக்கப் போட்ட கம்பி வேலிதான் அவர்களைத் தப்ப விடாமல் தடுத்தது. குடித்த இளைஞர்களே காரணம் என்று முதலில் பழி விழுந்தது. 27 ஆண்டுகளுக்குப் பிறகு, 2016-இல், விசாரணை நடுவர் குழு ரசிகர்கள் மீது தவறில்லை என்றது. ஸ்பெயினின் பம்ப்லோனாவில் ஜூலை மாதம் காளைகளோடு தெருவில் ஓடும் விழா நம்முடையதற்கு இன்னும் நெருக்கமானது. ஏறக்குறைய 850 மீட்டர் ஓட்டம். பதினெட்டு வயதாகாதவன் ஓடக் கூடாது, குடித்தவன் ஓடக் கூடாது, காளையைப் பிடித்து இழுக்கக் கூடாது. காளைகளின் பின்னால் கம்போடு மேய்ப்பர்கள் ஓடுவார்கள். அப்படியும் 1910 முதல் 16 பேர் அங்கே இறந்திருக்கிறார்கள். ஆபத்தை முழுதும் ஒழிக்க முடியாதுதான். ஆனால் யார் உள்ளே, யார் வெளியே, உள்ளே இருப்பவன் என்ன செய்யலாம் என்று எழுதி வைத்து, அதைக் காக்க ஆளும் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது மறுப்புதான் எனக்குக் கனமாகத் தெரிகிறது. பழைய ஊர்க் கட்டுப்பாட்டை நான் உயர்த்திப் பேசுவதாகத் தோன்றலாம். பெயர் சொல்லி அழைத்துத் திட்டிய அதே ஊர்தான், யார் மாடு முதலில் ஓட வேண்டும், யார் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதைச் சாதி பார்த்து முடிவு செய்தது. பொதுத் தெருவில் கால் வைக்க விடாமல் ஒரு பகுதி மக்களை ஒதுக்கியதும் அந்தக் கட்டுப்பாடுதான். அது திரும்பி வர வேண்டாம். இன்றைக்கு எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஓடுபாதை ஓரம் தோளோடு தோள் நிற்கிறார்கள் என்றால், அது இந்த விழா அடைந்த பெரிய நன்மை. வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போது ஒரு தெருவை விட்டுவிட்டால், பழைய அநீதியைப் புதிய பனியனில் கொண்டுவருவதாகிவிடும்.

ஆகவே விழாக்குழுக்களிடம் ஒரு வேண்டுகோள். மார்கழியில் அனுமதிக்கு விண்ணப்பம் எழுத உட்காரும் கூட்டத்துக்கு, நோட்டீசில் போட்டோ போடும் பெரியவர்களோடு, ஊரின் எல்லாத் தெருக்களிலிருந்தும் பதினெட்டு வயது முடிந்த பிள்ளைகளையும் அழையுங்கள். தடுப்பின் ஒவ்வொரு இருபது அடிக்கும் இருவரைப் பொறுப்பாக்கி, அவர்கள் பெயரைப் பலகையில் எழுதி வையுங்கள். ஓடி முடித்த காளையைப் பிடித்துத் தண்ணீர் காட்டுவதும், அது வயல் கிணற்றில் போய் விழாமல் வழிமறித்து நிற்பதும், அடிபட்டவரை ஆம்புலன்சுக்குத் தூக்குவதும், வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குத் தண்ணீரும் நிழலும் காட்டுவதும் அவர்கள் வேலையாகட்டும். கையை நீட்டும் வெளியூர்ப் பையனைத் தடுக்கக் காவலர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் நிற்கும் அதே வயதுப் பையன் சொன்னால் அவன் கேட்பான். காளை ஒழுங்காக ஓடி முடிந்த தெருவுக்கு ஒரு பரிசும் ஒதுக்குங்கள். மேடையில் முதல் பரிசு கொடுக்கும்போது காளைக்காரருக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளைகளையும் நிறுத்துங்கள்.