இயர் பிளக் மட்டும் போதாது: தொழிற்சாலைச் சத்தமும் தொழிலாளரின் செவிப்புலனும்

மலையகத்தில் தேயிலைத் தொழிற்சாலையை ‘ஸ்டோர்’ என்றே அழைப்பார்கள். ரோலர்களும் சல்லடைகளும் ஓடும் நேரத்தில் அங்கு பலர் கையசைவால்தான் பேசிக்கொள்கிறார்கள். வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பிய பிறகும் காதில் ஒரு இரைச்சல் இருக்கும். மறுநாள் காலையில் அது அடங்கிவிடும். “பழகிவிட்டது” என்பார்கள். உண்மையில் காது சத்தத்துக்குப் பழகுவதில்லை. சிறிது சிறிதாகச் சேதமடைகிறது.

உட்காதில் உள்ள நுண்ணிய மயிர்க் கலங்களே ஒலியை நரம்புச் சமிக்ஞையாக மாற்றுகின்றன. கடும் சத்தத்தால் அவை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. இதற்கு மருந்தும் இல்லை. முதலில் பாதிக்கப்படுவது 4,000 ஹேர்ட்ஸ் அளவிலான உயர் அதிர்வெண் ஒலிகள். அதனால் பேச்சுச் சத்தம் கேட்கும், சொல் விளங்காது. ‘கடை’, ‘சடை’, ‘படை’ மூன்றும் ஒன்றுபோலக் கேட்கும். வீட்டில் தொலைக்காட்சியின் சத்தம் கூடும். கூட்டத்தில் பேசுவது குறையும்.

எவ்வளவு சத்தம் ஆபத்தானது? 8 மணிநேர வேலைக்கு 85 டெசிபல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. சத்தம் 3 டெசிபல் கூடினால் அதன் ஆற்றல் இரு மடங்காகிறது. எனவே 88 டெசிபலில் 4 மணிநேரம், 91இல் 2 மணிநேரம், 100இல் சுமார் 15 நிமிடம் மட்டுமே இருக்கலாம். கருவி இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு: ஒரு கை நீளத் தொலைவில் நிற்பவருடன் குரல் உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால், அந்த இடத்தின் சத்தத்தை அளந்தே ஆகவேண்டும். நெசவாலை, மர ஆலை, கல் உடைக்கும் இடம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

பல நிர்வாகங்கள் இயர் பிளக்கைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததாகக் கருதுகின்றன. ஆனால் 30 டெசிபல் குறைக்கும் பிளக்கையும் 8 மணிநேரத்தில் அரை மணிநேரம் கழற்றி வைத்தால், முழுநாளுக்கும் கிடைக்கும் பாதுகாப்பு சுமார் 12 டெசிபலுக்கு இறங்கிவிடும். வெக்கையில் வியர்த்து வேலை செய்பவர் அதைக் கழற்றுவது இயல்பே. ஆகவே முதலில் சத்தத்தை இயந்திரத்திலேயே குறைக்க வேண்டும்: தேய்ந்த பெயாரிங்குகளை மாற்றுதல், தளர்ந்த தகடுகளை இறுக்குதல், அதிர்வைத் தாங்கும் இறப்பர் வைத்தல், இயந்திரத்தைச் சுற்றி மறைப்பு அமைத்தல். அடுத்தது, ஒருவரே நாள் முழுதும் அங்கு நிற்காதபடி சுழற்சி முறை. பிளக் கடைசி அரண்.

இன்னொன்று அடிக்கடி மறக்கப்படுகிறது: பதிவு. வேலையில் சேரும்போது ஒரு செவிப்புலன் பரிசோதனையும் அதன்பின் ஆண்டுக்கொன்றும் செய்யப்படாவிட்டால், 20 வருடம் கழித்து வரும் செவிட்டுத்தன்மை ‘வயதின் கோளாறு’ என்று தள்ளப்படும். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இழப்பீடு கேட்கப் போனாலும், பாதிப்பு வேலையால்தான் வந்தது என்று காட்டுவது கடினமாகும்.

தொழிலாளரின் பாதுகாப்புக்கு 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது; அதை நடைமுறைப்படுத்துவது தொழில் திணைக்களம். திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளரிடம் முறையிடலாம். தனியாகக் கேட்டால் வேலை போய்விடும் என்று அஞ்சுபவர்கள் தொழிற்சங்கம் மூலமாகக் கேட்கலாம். கேட்க வேண்டியவை இரண்டு: சத்தத்தை அளந்த அறிக்கை, தமது பரிசோதனை முடிவின் பிரதி.