இருப்புப்பாதையும் எழுதப்படாத பெயர்களும்

சரித்திரம் என்றால் ஆண்டவர்களின் கதை என்றே நம் மக்கள் எண்ணிப் பழகிவிட்டனர். அவ்வெண்ணத்தால் நாம் இழந்தது எவ்வளவு என்பதைக் காட்டச் சிலாங்கூர் இருப்புப்பாதை ஒன்றே போதும்.

மலாயாவின் முதற் புகைவண்டி 1885 ஜூன் முதல் நாள் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஓடிற்று. அடுத்த ஆண்டே சிலாங்கூரில், கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை ஏறத்தாழ 19 மைல் பாதை திறக்கப்பட்டது. 1890இல் ஆற்றுக்குப் பாலம் அமைந்த பின்னரே வண்டி கிள்ளானுக்குள் நுழைந்தது. சுரங்கத்து ஈயத்தைத் துறைமுகம் சேர்ப்பதே முதல் நோக்கம். மக்களின் சௌகரியம் அதற்குப் பின்னரே.

தெற்கே சென்ற கிளை பூடு, சுங்கை பீசி வழியாக 1897இல் காஜாங்கை அடைந்தது. அக்காலத்தில் இவ்வட்டாரத்தில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. இங்குள்ள இஞ்ச் கென்னத் தோட்டத்தில் 1890களிலேயே ரப்பரும் நடப்பட்டது. காப்பி விலை வீழ்ந்தது, ரப்பர் ஓங்கிற்று. தோட்டத்துச் சரக்கு துறைமுகத்துக்கு வண்டியேறிற்று. அதே பாதையில் தமிழகத்துக் கூலியாட்கள் வந்திறங்கினர்.

காடு வெட்டி, மண் சுமந்து, கட்டையடுக்கித் தண்டவாளம் பதித்தவர்களுள் தமிழர் திரளானோர். செந்தூல் பணிமனையில் இரும்போடு போராடியவர்களும், பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸில் குடியிருந்தவர்களும் அவர்களே. நிலையங்களில் கிராணிகளாகவும் அதிகாரிகளாகவும் அமர்ந்தவர்களுள் யாழ்ப்பாணத் தமிழர் பலர். மொழி ஒன்றாயினும் மேசைக்கும் மண்வெட்டிக்கும் இடையே பெரும் பள்ளம் கிடந்தது. எழுதத் தெரிந்தவர் பாதை போட்டவரைப் பற்றி எழுதவில்லை. பாதை போட்டவருக்கோ எழுதக் கற்பிப்பாரில்லை. துறைமுகங்களுக்கு வெல்டு என்றும் சுவெட்டன்ஹாம் என்றும் துரைமார் பெயர்கள் வந்தன. கூலியின் பெயர் எங்கே இருக்கிறது?

இதன் கொடுமை யுத்த காலத்தில் முற்றிற்று. ஜப்பானியர் கிழக்குக்கரைப் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துச் சயாம்–பர்மா பாதைக்குக் கொண்டுசென்றனர். தோட்டத் தமிழரையும் அவ்வாறே பெயர்த்துச் சென்றனர். 1943 அக்டோபரில் அப்பாதை முடிவதற்குள்ளும் முடிந்த பின்னும் காய்ச்சலிலும் பட்டினியிலும் மாண்டோர் பல்லாயிரவர். உடன் மாண்ட வெள்ளைக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவருள் மிகப் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை.

1945இல் செந்தூல் பணிமனை குண்டுவீச்சுக்கு ஆளாயிற்று. மீண்டும் எழுந்து பல்லாண்டு உழைத்தபின், அதன் வேலை பத்து காஜாவுக்குப் பெயர்ந்தது. பிரிக்பீல்ட்ஸின் பழைய இரயில்வே நிலத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் எழுந்தது. அங்கிருந்த குவாட்டர்ஸ் வீடுகள் பலவும் இடிபட்டன. காஜாங்கிலோ 2017 முதல் எம்.ஆர்.டி. வண்டியும் ஓடுகிறது. வளர்ச்சியை நாம் வெறுப்பவரல்லேம். ஆனால் கட்டடம் போனால் நினைவும் போகவேண்டும் என்ற விதி எங்குமில்லை.

பாட்டனாரின் சம்பளச் சீட்டு, வேலைச் சான்று, மங்கிய புகைப்படம் ஆகியவை நம் வீடுகளின் பழைய பெட்டிகளில் இன்னும் கிடக்கலாம். அவற்றைத் தேடி எடுப்போம். முதியோரைக் கேட்டுப் பெயரையும் ஊரையும் வேலையையும் எழுதி வைப்போம். நம் சங்கங்களும் படிப்பகங்களும் இதனைத் தம் வேலையாக மேற்கொள்ளட்டும். முன்பு நமக்கு எழுதத் தெரியவில்லை என்றோம். இன்று அந்தச் சாக்குச் செல்லாது.