வேறு காரின் பேட்டரியைப் பொருத்தலாமா? அளவு மாறினால் கவனிக்க வேண்டியவை

இரவில் முகப்பு விளக்கை அணைக்க மறந்த கார், காலையில் கிளம்ப மறுக்கிறது. வீட்டில் நிற்கும் மற்றொரு காரின் பேட்டரியைக் கழற்றி இதில் பொருத்தலாமா என்ற கேள்வி அப்போது எழுவது இயல்பு. இரண்டு பேட்டரிகளின் அளவும் வேறாக இருந்தால் குழப்பம் கூடுகிறது. பெரிய பேட்டரி காரின் மின்கருவிகளை எரித்துவிடும் என்ற அச்சம் பலரிடம் உள்ளது. உண்மையில் ஆபத்து பேட்டரியின் கொள்ளளவில் இல்லை. அதன் உயரம், மின்முனைகளின் அமைப்பு, வகை ஆகியவற்றில்தான் உள்ளது.

வோல்ட் ஒன்று, கொள்ளளவு வேறு

கார்களில் உள்ள வழக்கமான ஈய-அமில பேட்டரியில் 6 அறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட் தருவதால், முழுமையாக சார்ஜ் ஏறிய பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கும் 65 ஆம்பியர்-மணி பேட்டரிக்கும் இதில் வேறுபாடு இல்லை. ஆம்பியர்-மணி என்பது பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் என்பதன் அளவு மட்டுமே.

ஒரு கருவி தனக்குத் தேவையான மின்னோட்டத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். 55 வாட் திறனுள்ள 2 முகப்பு விளக்குகள் எந்த பேட்டரியிலிருந்தும் சுமார் 9 ஆம்பியர்தான் எடுக்கும். கணக்குப்படி 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் அவை 4 மணி நேரத்துக்குள்ளும், 65 ஆம்பியர்-மணி பேட்டரியில் 7 மணி நேரமளவிலும் அணையும். ஆல்டர்னேட்டரும் ஏறத்தாழ 14 வோல்ட் என்ற நிலையான அளவிலேயே சார்ஜ் செய்வதால், சற்றுப் பெரிய பேட்டரியால் அதற்குக் கேடு இல்லை. ஆனால், முற்றிலும் சார்ஜ் இறங்கிய பெரிய பேட்டரியைப் பொருத்தி ஓட்டினால் ஆல்டர்னேட்டர் நீண்ட நேரம் அதிக சுமையுடன் இயங்கிச் சூடாகும். அத்தகைய பேட்டரியை முதலில் சார்ஜரில் ஏற்றிக்கொள்வதே முறை.

சிறிய பேட்டரியால் வரும் சிக்கல்

பெட்ரோல் காரின் சிறிய பேட்டரியை டீசல் காரில் பொருத்தும்போதுதான் பெரும்பாலும் ஏமாற்றம் ஏற்படுகிறது. பெட்ரோல் என்ஜின் சிலிண்டருக்குள் காற்றை ஏறத்தாழ 10 மடங்கு அழுத்துகிறது. டீசல் என்ஜின் பொதுவாக 15 மடங்குக்கு மேல் அழுத்துகிறது. அதைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அதிக மின்னோட்டம் வேண்டும். சிறிய பேட்டரியின் வோல்ட் அந்தச் சுமையில் சரிந்து, 'டக் டக்' என்ற ஒலியுடன் முயற்சி நின்றுவிடும்.

குளிரில் நிலைமை மேலும் மோசமாகும். பேட்டரியின் மீது 'சிசிஏ' என்று குறிக்கப்படும் எண், மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் அது தரக்கூடிய தொடக்க மின்னோட்டத்தைக் காட்டுகிறது. லே போன்ற இமயமலை நகரங்களின் குளிர்காலத்தில் இந்த எண் முக்கியமானது. முற்றிலும் சார்ஜ் இறங்கிய பேட்டரியின் அமிலக் கரைசல் அக்குளிரில் உறைந்துவிடக்கூடும். உறைந்த பேட்டரியை சார்ஜ் செய்யவோ, வேறு காருடன் இணைக்கவோ கூடாது.

உயரமும் மின்முனைகளும்

ஜப்பானிய முறையில் அமைந்த பேட்டரிகளின் மின்முனைகள் மேற்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். மொத்த உயரம் சுமார் 22 சென்டிமீட்டர். 'டிஐஎன்' எனப்படும் ஐரோப்பிய வகையின் உயரம் 17.5 அல்லது 19 சென்டிமீட்டர். குட்டையான பேட்டரிக்காக வடிவமைக்கப்பட்ட காரில் உயரமானதை வைத்து பானட்டை மூடினால், அதன் உலோகம் மின்முனைகளில் பட்டு மின்கசிவும் தீயும் ஏற்படலாம். பேட்டரியை இறுக்கிப் பிடிக்கும் அமைப்பும் இரு வகைகளிலும் வேறு. இறுக்கப்படாத பேட்டரி குலுங்கி, உள்ளிருக்கும் ஈயத் தகடுகள் சேதமடையும்.

ஜப்பானிய முறைக் குறியீட்டிலேயே பல விவரங்கள் உள்ளன. '38பி20எல்' என்பதில் 38 செயல்திறன் தரத்தையும், 'பி' அகல-உயர வகையையும், 20 ஏறத்தாழ சென்டிமீட்டரில் நீளத்தையும் குறிக்கின்றன. கடைசி எழுத்தான 'எல்' அல்லது 'ஆர்', நேர்முனை எந்தப் பக்கம் உள்ளது என்பதைக் காட்டும். இது மாறினால் கம்பிகள் எட்டாது, அல்லது தவறான முனையில் இணைக்கப்படும். எதிரும் நேருமாக மாற்றி இணைத்தால் ஃபியூஸ், ஆல்டர்னேட்டரின் டயோடுகள், காரின் கணினிப் பகுதி ஆகியவை கணப்பொழுதில் பழுதாகக்கூடும். மெல்லிய முனையில் தடித்த முனைக்கான கிளாம்ப் இறுகாது. தகரத்தை மடித்துச் செருகி இறுக்குவது தீப்பொறிக்கு வழிவகுக்கும்.

ஸ்டார்ட்-ஸ்டாப் கார்கள்

சிக்னலில் நிற்கும்போது என்ஜின் தானாக அணையும் கார்களில் 'இஎஃப்பி' அல்லது 'ஏஜிஎம்' வகை பேட்டரிகள் உள்ளன. அவற்றின் இடத்தில் சாதாரண பேட்டரியை வைத்தால் அது விரைவில் செயலிழக்கும். சில கார்களில் புதிய பேட்டரியின் விவரத்தைக் காரின் கணினியில் பதிவு செய்யவும் வேண்டும். ஹைபிரிட், மின்சார கார்களின் உயர் வோல்ட் பேட்டரியை உரிமையாளர்கள் தாமே தொடக்கூடாது.

செய்யக்கூடாத தவறு

நல்ல பேட்டரியால் காரைக் கிளப்பிவிட்டு, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைக் கழற்றிப் பழைய பேட்டரியை மாட்டும் வழக்கம் சிலரிடம் உள்ளது. இணைப்பு துண்டிக்கப்படும் கணத்தில் ஆல்டர்னேட்டரின் வோல்ட் திடீரெனப் பன்மடங்கு உயர்ந்து மின்னணுப் பாகங்களை அழித்துவிடலாம்.

என்ஜினை அணைத்த பின், கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது எதிர்முனையைக் கடைசியிலும் கையாள வேண்டும். பேட்டரியில் கந்தக அமிலமும், சார்ஜ் ஆகும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் இருப்பதால் அருகில் நெருப்பு கூடாது. கைகளில் மோதிரம், வளையல் இருந்தால் கழற்றிவிட வேண்டும்.

அவசரத்துக்கு பேட்டரியை மாற்றுவதைவிட, கம்பிகளால் இணைத்து ஜம்ப் ஸ்டார்ட் செய்வது எளிது. இரண்டு கார்களும் 12 வோல்ட் அமைப்பைக் கொண்டவையாக இருந்தால் பேட்டரிகளின் அளவு வேறுபட்டாலும் பாதகமில்லை. நேர்முனைகளை முதலில் இணைத்து, நல்ல பேட்டரியின் எதிர்முனையிலிருந்து வரும் கம்பியை, கிளம்பாத காரின் என்ஜினில் பேட்டரிக்குத் தொலைவாக உள்ள வண்ணம் பூசாத உலோகப் பகுதியில் கடைசியாக இணைக்க வேண்டும். 24 வோல்ட் லாரியுடன் காரை இணைக்கக் கூடாது.

பயன்படாமல் போன பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது. 2022ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, அவற்றைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு உற்பத்தியாளர்களுக்கு உண்டு. புதிய பேட்டரி வாங்கும் கடையில் பழையதை ஒப்படைப்பதே எளிய வழி.