முஹம்மத் அலி: குத்துச்சண்டை மேடையில் 21 ஆண்டுகள்

முஹம்மத் அலி என்ற பெயரை அறியாதவர் நமது பிரதேசத்தில் அரிதாகவே இருப்பர். ஏறாவூரிலிருந்து கல்முனை வரை, மட்டக்களப்பு வாவியை ஒட்டித் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊருமாக மாறி மாறி அமைந்துள்ள இக்கரையில், உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டுமே மைதானங்களை ஆள்கின்றன. குத்துச்சண்டைப் போட்டியொன்றை நேரில் கண்டவர்கள் மிகச் சிலரே. ஆயினும் அலியின் பெயர் இரு சமூகங்களின் வீடுகளிலும் வழங்கி வந்திருக்கிறது. முஸ்லிம் வாசகர்கள் அவரை இஸ்லாத்தைத் தழுவி, அதற்காக உலகப் பட்டத்தையே இழந்த வீரராக அறிவர். தமிழ் வாசகர்களுள் மூத்தவர்கள், எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் ஆடிச் சென்ற உலக சம்பியனாக அவரை நினைவுகூர்வர். இரண்டும் உண்மையே. எனினும் ஒரு தொழில்முறைக் குத்துச்சண்டை வீரராக அவர் பெற்றது என்ன, கொடுத்தது என்ன என்பது நம்மிடையே போதிய அளவு பேசப்படவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

கசியஸ் மார்செலஸ் கிளே என்ற இயற்பெயருடன் 1942 ஜனவரி 17ஆம் திகதி அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் அவர் பிறந்தார். 12 வயதில் அவரது சைக்கிள் களவு போயிற்று. களவாடியவனை அடித்து நொறுக்குவேன் என்று கொதித்த சிறுவனிடம், முதலில் சண்டையிடக் கற்றுக்கொள் என்று கூறியவர் ஜோ மார்ட்டின் என்ற பொலிஸ் உத்தியோகத்தர். ஓய்வு நேரத்தில் அவர் குத்துச்சண்டைப் பயிற்சியளித்து வந்தார். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி லூயிவில் நகரில் டன்னி ஹன்சேக்கர் என்பவரை 6 சுற்றுகளில் புள்ளிகளால் வென்று தொழில்முறை மேடையில் கால் பதித்தார். அவருக்குப் பணம் போட்டவர்கள் அந்நகரின் வெள்ளையின வர்த்தகர்கள் 11 பேர். கறுப்பின இளைஞன் அடிபடுவான், வருமானத்தில் பாதி அவர்களுக்குப் போகும். அக்காலத்துக் குத்துச்சண்டை உலகில் இதுவே கண்ணியமான ஒப்பந்தமாகக் கருதப்பட்டது என்பதிலிருந்து ஏனைய ஒப்பந்தங்களின் தரத்தை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

ஹெவிவெயிட் எனப்படும் அதிபார எடைப் பிரிவு வீரர்கள் பொதுவாக நின்ற இடத்தில் நின்று, கைகளால் முகத்தை மறைத்து, வலிமையான ஒரு குத்துக்காகக் காத்திருப்பர். அலியின் முறை வேறு. கைகளை இடுப்பளவில் தொங்கவிட்டு, வரும் குத்துக்குத் தலையைச் சற்றே பின்னிழுத்து, மேடையைச் சுற்றிச் சுற்றி ஆடுவார். ஆறடி மூன்று அங்குல உயரமுள்ள ஒருவர் இலகு எடை வீரரின் கால்வேகத்துடன் இயங்குவதை அந்தப் பிரிவு அதுவரை கண்டதில்லை. பயிற்சி நூல்கள் தவறு என்று விலக்கிய அனைத்தையும் அவர் செய்தார். கால்கள் அவரைக் காத்தன. 1964 பெப்ரவரி 25ஆம் திகதி மியாமி பீச் நகரில், எவரும் எதிர்கொள்ள அஞ்சிய சொனி லிஸ்டன், ஏழாவது சுற்றுக்கு எழுந்து வர மறுத்துத் தமது ஆசனத்திலேயே அமர்ந்துவிட்டார். 22 வயதில் கிளே உலக சம்பியனானார்.

அந்த வெற்றியை அடுத்துத் தாம் 'நேஷன் ஒப் இஸ்லாம்' இயக்கத்தைச் சேர்ந்தவர் என்று அவர் அறிவித்தார். சில நாட்களில் முஹம்மத் அலி என்ற பெயரைப் பெற்றார். அவ்வியக்கத்தின் கொள்கைகள் பல இஸ்லாமிய அகீதாவுக்கு முரணானவை என்பதை நமது முஸ்லிம் வாசகர்கள் அறிவர். 1975இல் எலிஜா முஹம்மத் இறந்த பின்னர் அவரது மகன் வாரித் தீன் முஹம்மத் இயக்கத்தைச் சுன்னத் வல் ஜமாஅத் வழிக்குத் திருப்பியபோது அலியும் அவருடன் சென்றார். அதற்கு முன்னரே, 1972இல், ஹஜ் கடமையை நிறைவேற்றியிருந்தார். தம்மை அந்த வழிக்கு அழைத்து வந்தவர்களுள் ஒருவரான மல்கம் எக்ஸ் இயக்கத்தை விட்டு விலகியபோது அலி அவரைப் புறக்கணித்ததும், அதற்காகப் பிற்காலத்தில் வருந்தியதும் இங்கு குறிப்பிடத்தக்கவை.

புதிய பெயரை அமெரிக்கப் பத்திரிகைகள் பல ஆண்டுகள் அச்சிட மறுத்தன. 1967 பெப்ரவரியில் ஹூஸ்டனில் எர்னி டெரல் அவரைப் பழைய பெயரால் அழைத்தார் என்பதற்காக, "என் பெயர் என்ன?" என்று கேட்டுக் கேட்டு 15 சுற்றுகளும் அவரை அடித்தார் அலி. அதைக் கொடூரம் என்று அன்றைய விமர்சகர்கள் எழுதினர், கொடூரந்தான். ஆயினும் பெயரைக் கேட்டே ஒருவரைத் தமிழர், முஸ்லிம் என்று பிரித்த சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்த நமது மக்களுக்கு, ஒரு மனிதன் தன் பெயருக்காக ஏன் அவ்வளவு கோபம் கொள்வான் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டு மாதங்களின் பின், 1967 ஏப்ரல் 28ஆம் திகதி, அதே ஹூஸ்டன் நகரில் இராணுவ ஆட்சேர்ப்பு நிலையத்தில் அவரது பெயர் அழைக்கப்பட்டது. அவர் முன்னே அடியெடுத்து வைக்க மறுத்தார். வியட்நாம் போருக்குச் செல்வதைத் தமது மார்க்கம் அனுமதிக்கவில்லை என்பது அவரது நிலைப்பாடு. பட்டம் பறிக்கப்பட்டது, போட்டியிடும் அனுமதி மறுக்கப்பட்டது, கடவுச்சீட்டும் எடுக்கப்பட்டதால் வெளிநாட்டு மேடைகளும் இல்லாமற் போயின. ஜூன் மாதம் 5 ஆண்டுச் சிறையும் 10,000 டொலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேன்முறையீட்டின் காரணமாக அவர் சிறை செல்லவில்லை. பல்கலைக்கழகங்களில் உரையாற்றி வாழ்க்கையை ஓட்டினார். 1971 ஜூன் 28ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டு நீதியரசர்களின் ஏகமனதான தீர்ப்பால் தண்டனையை இரத்துச் செய்தது. வீட்டுக்கு ஒருவர் என்று பிள்ளைகளைக் கேட்டு நின்ற காலத்தை எழுவான்கரையும் படுவான்கரையும் அறியும். ஆகையால் ஒருவன் 'வரமாட்டேன்' என்று சொல்வதன் விலையை நமது தாய்மார் நன்கு அறிவர். அலிக்குப் பின்னால் சட்டத்தரணிகளும் நீதிமன்றங்களும் இருந்தன. அந்த வேறுபாட்டையும் மறந்துவிடலாகாது.

நீதிமன்றம் தண்டனையை நீக்கலாம், காலத்தைத் திருப்பித் தர இயலாது. 1967 மார்ச் மாதம் முதல் 1970 ஒக்டோபர் வரை, அதாவது 25 வயது முதல் 28 வயது வரை, அவர் ஒரு போட்டியிலும் ஆடவில்லை. தடைக்கு முன்னர் ஆடிய 29 போட்டிகளிலும் அவரே வென்றிருந்தார். தடைக்குப் பின்னர் 32 போட்டிகளில் ஆடினார். வாழ்நாளில் அவர் அடைந்த ஐந்து தோல்விகளும் இந்த இரண்டாம் பகுதியிலேயே உள்ளன. திரும்பி வந்தவரிடம் பழைய கால்கள் இல்லை. அவற்றுக்குப் பதிலாக வேறொன்றை அவர் கண்டுபிடித்தார்: எவ்வளவு அடித்தாலும் தம்மால் தாங்க முடியும் என்பது. அவரது வாழ்வின் பெரும் துயரம் இந்தக் கண்டுபிடிப்பிலிருந்தே தொடங்குகிறது என்பது நமது கருத்து.

1971 மார்ச் 8ஆம் திகதி நியூயோர்க் நகரில் ஜோ பிரேசியருடன் மோதினார். தலைக்கு 25 இலட்சம் டொலர். பதினைந்தாவது சுற்றில் பிரேசியரின் இடக்கைக் குத்தால் வீழ்ந்து எழுந்த அலி புள்ளிகளால் தோற்றார். இந்தப் பிரேசியர், அலி தடையில் இருந்த காலத்தில் அவருக்குப் பணவுதவி செய்தவர். அவருக்கு மீண்டும் அனுமதி கிடைக்கப் பேசியவர். அவரையே வெள்ளையரின் கையாள் என்றும் கொரில்லா என்றும் அலி ஏளனம் செய்தார். நுழைவுச்சீட்டு விற்பதற்கான வாய்ச்சவடால் என்று அவரது இரசிகர்கள் சமாதானம் கூறுவதுண்டு. நாம் அதை ஏற்பதற்கில்லை. வறுமையிலிருந்து எழுந்த ஒரு கறுப்பினத்தவரை இன்னொரு கறுப்பினத்தவர் அவ்வாறு அழைத்தது அநீதி. 2001இல் அலி மன்னிப்புக் கோரினார்.

1974 ஒக்டோபர் 30ஆம் திகதி, ஸயர் நாட்டின் கின்ஷாசா நகரில், விடிவதற்கு முன்னரான வேளையில், ஜோர்ஜ் போர்மனை அவர் எதிர்கொண்டார். பணம் கொடுத்தது சர்வாதிகாரி மொபுட்டுவின் அரசு. இருவருக்கும் தலா 50 இலட்சம் டொலர். பிரேசியரையே இரண்டு சுற்றுகளில் வீழ்த்தியிருந்த போர்மனின் முன் அலி ஓடி ஆடுவார் என்றே எல்லோரும் எதிர்பார்த்தனர். அவரோ கயிற்றில் சாய்ந்து நின்று, போர்மனை விருப்பம்போல் அடிக்கவிட்டார். கைகளிலும் விலாவிலும் விழுந்த குத்துகளால் களைத்தது அடித்தவரே. எட்டாவது சுற்றில் போர்மன் வீழ்ந்தார். சாதுரியத்தின் உச்சம் என்று உலகம் இதைக் கொண்டாடியது, இன்றும் கொண்டாடுகிறது. ஆனால் இந்த வெற்றியின் உபாயம் அடி வாங்குவதுதான். அதையே அவர் பயிற்சியிலும் கடைப்பிடித்தார் என்பதும் மறக்கப்படுகிறது.

1975 ஒக்டோபர் 1ஆம் திகதி மணிலாவில் பிரேசியருடனான மூன்றாவது மோதல் நடந்தது. கடும் வெப்பத்தில் 14 சுற்றுகள். பிரேசியரின் கண்கள் வீங்கி மூடிவிட, அவரது பயிற்சியாளர் எடி பட்ச் போட்டியை நிறுத்தினார். மரணத்துக்கு மிக அருகில் சென்று வந்ததுபோல் இருந்ததாகப் பின்னர் அலி கூறியிருக்கிறார். அன்றோடு அவர் ஓய்வு பெற்றிருக்க வேண்டும். 1977இல் எர்னி ஷேவர்ஸுடனான போட்டிக்குப் பின்னர், அலியின் சிறுநீரகங்கள் பாதிக்கப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டிய அவரது வைத்தியர் பெர்டி பச்செகோ, தமது எச்சரிக்கையை எவரும் பொருட்படுத்தாததால் விலகிச் சென்றார். அலியை நம்பிப் பிழைத்த கூட்டம் பெரிது; விலகியவர் அவர். 1978 பெப்ரவரியில் லியோன் ஸ்பிங்ஸிடம் தோற்று, செப்டெம்பரில் அவரையே வென்று, மூன்றாவது தடவையாக உலகப் பட்டத்தை அலி கைப்பற்றினார். அதிபார எடைப் பிரிவில் எவரும் அதுவரை அதைச் செய்ததில்லை. அடுத்த ஆண்டு ஓய்வை அறிவித்தார்.

சென்னை அவரைக் கண்டது இந்த ஓய்வுக் காலத்தில்தான். 1980இன் தொடக்கத்தில் அங்கு வந்த அவர், ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் ஆடினார். எல்லிஸ் அவரது ஊர்க்காரர், பால்ய நண்பர். அலி தடையில் இருந்தபோது அவரது பட்டங்களுள் ஒன்றைச் சுமந்தவர். இந்தியாவில் இருந்தபோதே அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டரின் அரசு, மொஸ்கோ ஒலிம்பிக்கைப் பகிஷ்கரிக்குமாறு ஆபிரிக்க நாடுகளிடம் எடுத்துரைக்க அலியைத் தூதராக அனுப்பியது. 13 ஆண்டுகளுக்கு முன் அவரைச் சிறைக்கு அனுப்ப முயன்ற அதே அரசுதான். தன்சானிய ஜனாதிபதி நைரேரே அவரைச் சந்திக்கவும் மறுத்துவிட்டார்.

அதே ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி, 38 வயதில், 80 இலட்சம் டொலர் தருவதாகப் பேசப்பட்ட போட்டியொன்றுக்காக அவர் லாஸ் வேகாஸ் மேடைக்குத் திரும்பினார். எதிரே நின்ற லரி ஹோம்ஸ், முன்னர் அலிக்குப் பயிற்சித் துணைவராக இருந்தவர். அலியால் திருப்பி அடிக்க முடியவில்லை. பத்துச் சுற்றுகள் முடிந்ததும் பயிற்சியாளர் அஞ்சலோ டன்டி போட்டியை நிறுத்தினார். வென்ற ஹோம்ஸ் பின்னர் அழுதார். பேசிய தொகையில் பத்து இலட்சம் டொலருக்கும் மேல் தரப்படவில்லை என்று அலி வழக்குத் தொடுக்கவும் நேர்ந்தது. அதன் பின்னரும் விடவில்லை. அமெரிக்க மாநிலங்கள் அனுமதி வழங்கத் தயங்கிய நிலையில், 1981 டிசெம்பர் 11ஆம் திகதி பஹாமாஸில் ட்ரெவர் பேர்பிக்குடன் ஆடித் தோற்றதே அவரது கடைசிப் போட்டி. மொத்தம் 61 போட்டிகள். 56 வெற்றிகள், அவற்றுள் 37 நொக் அவுட் முறையில்.

1984இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய்க்குறிகள் இருப்பதை வைத்தியர்கள் அறிவித்தனர். தலையில் வாங்கிய குத்துகளே காரணம் எனச் சிலரும், அவ்வாறு உறுதியாகக் கூற முடியாது எனச் சிலரும் வாதிட்டனர். கடைசிப் போட்டிகளின் காலத்திலேயே அவரது பேச்சு மந்தமாகியிருந்ததை அவரைக் கேட்டவர்கள் உணர்ந்திருந்தனர். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் தீபத்தை நடுங்கும் கையால் அவர் ஏற்றினார். 2016 ஜூன் 3ஆம் திகதி, தமது 74ஆவது வயதில் அலி வபாத்தானார். ஜனாஸாத் தொழுகை பிறந்த ஊரான லூயிவில்லில் நடைபெற்றது.

அமெரிக்கக் காங்கிரஸ் 2000ஆம் ஆண்டில் நிறைவேற்றிய குத்துச்சண்டைச் சீர்திருத்தச் சட்டம் அவரது பெயரைத் தாங்கியுள்ளது. போட்டி ஏற்பாட்டாளர்கள் வீரர்களின் முகாமையாளர்களாகவும் இருந்து இருபுறமும் இலாபம் காண்பதை அது தடுக்கிறது. வருமானக் கணக்கை வீரருக்குக் காட்டுமாறும் பணிக்கிறது. வயது முதிர்ந்த ஒரு வீரரை மேடையேற்றலாமா கூடாதா என்பதை மட்டும், 1980இல் இருந்தவாறே, அந்தந்த மாநிலத்து ஆணைக்குழுவிடம் அது விட்டுவைத்திருக்கிறது.