ஓடாவி இல்லாத வள்ளம்

மரத்தால் ஆகிய வள்ளத்திற்கு ஓர் ஆயுள் உண்டு என்பதைக் கடற்கரையிற் பிறந்த சிறு பிள்ளையும் அறியும். புழு அரிக்கும், ஆணி துருவேறும், பலகை இற்றுப்போகும். அப்பொழுது ஓடாவியை அழைப்பர். அவர் வந்து கெட்ட பலகையைக் கழற்றி நல்ல பலகையை ஏற்றுவார். கண்ணாடி இழையால் ஆகிய படகு வந்தபோதோ, அதற்கு ஆயுள் என்ற பேச்சே இல்லை என்றனர். இற்றுப்போகாது, புழு தின்னாது, பராமரிப்புச் செலவு இல்லை என்று அதனை விற்றவர்கள் உலகெங்கும் உறுதி கூறினர்.

இன்று அமெரிக்காவின் கிழக்குக் கரையோர ஊர்களில், வீட்டு முற்றங்களிலே தறப்பாளின் கீழ் அறுபது ஆண்டு பழைய கண்ணாடி இழைப் படகுகள் கிடக்கின்றன. உரிமையாளர்கள் விடுமுறை நாட்களில் முகமூடி அணிந்து, அவற்றின்மேல் ஏறியிருந்து, வெட்டியும் தேய்த்தும் பூசியும் பாடுபடுகின்றனர். பராமரிப்பு வேண்டாத படகிற்கு இத்தனை பாடு ஏன்? யாருடைய உழைப்பு மிச்சம் பிடிக்கப்பட்டது? அது யார் தலையில் வந்து விழுந்தது? இக்கேள்விகளையே நாம் இங்கு ஆராய விரும்புகின்றோம்.

கண்ணாடி இழை 1932இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தது. ஓவென்ஸ்-இல்லினோய் கண்ணாடிக் கம்பனியின் இளம் ஆய்வாளர் டேல் கிளைஸ்ற், கண்ணாடிக் கட்டிகளை ஒட்டவைக்க முயன்றபொழுது, அழுத்தக் காற்று உருகிய கண்ணாடிமீது பட்டு, அது மெல்லிய இழைகளாகப் பறந்தது. இதனைத் தற்செயல் என்று எழுதுவோர் பலர். தற்செயல்தான், ஆனால் அதனைப் பற்றிப் பிடிக்க ஓர் ஆய்வுகூடமும், அதற்குப் பணமிட்ட முதலும், புதுச் சந்தை தேடிய ஒரு தொழிற்றுறையும் காத்திருந்தன என்பதை மறத்தலாகாது. 1938இல் இவ்விழைக்கென்றே ஓவென்ஸ்-கோர்ணிங் என்னும் கம்பனி அமைந்தது. பொலியெஸ்தர் றெசின் என்னும் பிசினோடு இவ்விழையைச் சேர்த்து, 1942இல் அதே மாநிலத்து ரொலீடோ நகரில் றே கிறீன் என்பார் ஒரு சிறு பாய்ப்படகு செய்தார். பின்பு யுத்தத் தேவை இப்பொருளை வளர்த்தது. யுத்தம் முடிந்ததும் அது சந்தையைத் தேடிற்று.

இப்படகு செய்யப்படும் முறையிலேதான் நமது கேள்விக்கு விடை தொடங்குகின்றது. ஓடாவி உள்ளிருந்து வெளியே கட்டுவார்: ஏரா, வங்கு, பலகை, இறுதியில் வர்ணம். கண்ணாடி இழைப் படகோ வெளியிலிருந்து உள்ளே பிறப்பது. மெழுகு தேய்த்து மினுக்கிய அச்சொன்றினுள் முதலில் ‘ஜெல்கோட்’ என்னும் வர்ணப் பிசின் தெளிக்கப்படும். படகின் வெளிப்பளபளப்பு அதுவே. அதன்மேல் இழைப்பாயும் இழைத்துணியும் விரித்து, றெசினில் ஊறவைத்து, உருளையால் காற்றை அழுத்தி வெளியேற்றுவர். இறுகியதும் படகுடல் அச்சிலிருந்து கழன்று வரும். அச்சைச் செய்வதற்கு மட்டுமே தேர்ந்த கைவினைஞன் வேண்டும். அதன் பின்னர் நூறு படகு எடுப்பதற்குச் சில வாரங்களிற் பழக்கக்கூடிய கூலியாள் போதும். தலைமுறை தலைமுறையாகக் கற்ற கைத்திறன் ஓர் அச்சினுள் அடைக்கப்பட்டுவிட்டது.

இம்மாற்றத்தை றோட் ஐலண்ட் மாநிலத்துப் பிறிஸ்ரல் என்னும் சிற்றூரிலே தெளிவாகக் காணலாம். அமெரிக்கக் கிண்ணப் போட்டிக்கான பெரும் பாய்க்கப்பல்களைக் கட்டிய ஹெறெஷோவ் தளம் அங்குதான் இருந்தது. எவறெற் பியர்சன், கிளின்ரன் பியர்சன் என்னும் ஒன்றுவிட்ட சகோதரர் இருவர் 1950களின் நடுப்பகுதியில் ஒரு வாகனக் கொட்டகையிலே சிறு கண்ணாடி இழைத் தோணிகள் செய்யத் தொடங்கினர். சுவீடனிற் பிறந்த கார்ல் அல்பேர்க் வரைந்த 28½ அடி நீளமுள்ள ‘றைற்றன்’ படகை 1959 ஜனவரியில் நியூயோர்க் படகுக் கண்காட்சியில் அவர்கள் வைத்தபொழுது, கட்டளைகள் குவிந்தன. விலை பத்தாயிரம் டொலருக்குள். இடம் போதாமையால் அவர்கள் வாங்கியது அந்த ஹெறெஷோவ் தளத்தையே! கைவினையின் கோயிலாக விளங்கிய இடத்திலே அச்சு குடியேறிற்று. எழுநூறுக்கு மேற்பட்ட றைற்றன்கள் வெளிவந்தன. பெருஞ்செல்வர் அல்லாத நடுத்தர வகுப்பினர் முதன்முறையாகக் கடலோடும் படகொன்றை வாங்கக்கூடியதாயிற்று. இதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கடல் பணக்காரரின் தனியுடைமையன்று.

ஆனால் ‘இற்றுப்போகாத’ படகினுள்ளே மரம் ஒளிந்திருந்தது. றைற்றனின் மேற்றளம் முழுவதும் கண்ணாடி இழையன்று. மேலும் கீழும் மெல்லிய இழைத்தகடு. நடுவே பாரமற்ற பல்சா மரம். தளத்தில் ஆணியும் வளையமும் பூட்டிய துளைகளின் வழியே ஆண்டுக்கணக்காக நீர் கசிந்து, அந்த மரத்தைச் சேறாக்கியது. ஆகவே பழைய படகை வாங்கியவர் முதலிற் செய்வது, சுத்தியற் பிடியால் தளமெங்கும் தட்டிப் பார்த்தலே. நல்ல இடம் கணீரென்னும்; கெட்ட இடம் பொத்தென்னும். கெட்ட இடத்தின் மேற்றகட்டை வெட்டியெடுத்து, கரிய சேற்றைச் சுரண்டி, காயவைத்து, புதுப் பல்சாவை எப்பொக்சிப் பிசினில் பதித்து, தகட்டை மீண்டும் ஒட்டுவர். ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து, தகட்டின் கனத்தைப்போற் பன்னிரண்டு மடங்கு அகலத்திற்குப் புதிய இழையைப் படியவைத்தாலன்றி அந்த ஒட்டு நில்லாது. பழைய பொலியெஸ்தரின்மேல் புதிய பொலியெஸ்தர் நன்கு பிடியாது என்பதனாலேயே, விலை கூடிய எப்பொக்சி வேண்டியிருக்கின்றது.

படகுடலில் வேறொரு நோய். நீர் மெதுவாக ஜெல்கோட்டை ஊடுருவி, சரியாகச் சேராத இரசாயனங்களைக் கரைத்து, கொப்புளங்களை எழுப்பும். குத்தினால் வினாகிரிபோன்ற புளித்த மணமுடைய நீர் பீறிடும். கொப்புளங்களைத் திறந்து, கழுவி, மாதக்கணக்காக உலரவிட்டே மூடவேண்டும். அவசரப்பட்டு மூடியவன் மறுவருடமும் அதே வேலையைச் செய்வான்.

பளபளப்பை மீட்பதிலும் ஒழுங்கொன்று உண்டு. முதலில் கரைதிரவத்தால் பழைய மெழுகைத் துடைக்கவேண்டும். அரத்தாளை முன்னே எடுத்தால் மெழுகு கீறல்களுக்குட் புகுந்து, பூசும் வர்ணம் மீன்கண் மீன்கண்ணாக விலகி நிற்கும். வர்ணத்தை ஒருவர் உருளையால் இட்டுச் செல்ல, பின்னாலேயே மற்றவர் தூரிகையின் நுனியால் நீவிச் செல்வார். இருவர் கூடாமல் இது நடவாது. அச்சு விழுங்கிய கைத்திறன் இம்முற்றங்களிலே கூலியின்றி மீண்டும் முளைப்பதைக் காண்கின்றோம்.

முற்றத்துத் தூசி ஒருபுறமிருக்க, தொழிற்சாலைக்குள் உருளை பிடித்தவரைப் பற்றி விற்பனையாளர் பேசியதில்லை. றெசினிலிருந்து ஸ்ரைரீன் என்னும் ஆவி எழும். படகுத் தொழிற்சாலைகளில் மூக்கைத் துளைக்கும் மணம் அதுவே. வாசிங்ரன் மாநிலத்தின் இரு படகுத் தொழிற்சாலைகளில் 1959 முதல் 1978 வரை வேலை செய்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரின் இறப்புப் பதிவுகளை ஆய்வாளர் பல்லாண்டு தொடர்ந்து நோக்கினர். இத்தகைய ஆய்வுகளின் பின், 2018இல், சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஸ்ரைரீனைப் புற்றுநோயைப் பெரும்பாலும் உண்டாக்கக்கூடிய பொருள்களின் வரிசையிற் சேர்த்தது. முதல் றைற்றனுக்கும் அம்முடிவுக்கும் இடையே ஐம்பத்தொன்பது ஆண்டுகள்.

இதே பொருள் நமது கரைக்கும் வந்தது. 1950களின் இறுதியில் அரசாங்கம் தவணை முறையில் வழங்கிய 28 அடி இயந்திரப் படகுகள் மரத்தாலானவை. குருநகரிலிருந்து 1956இல் நோர்வே சென்ற அன்ரனி இராஜேந்திரத்தின் முயற்சியாலும் நோர்வே இளைஞர் இயக்கத்தின் உதவியாலும் 1960களின் பிற்பகுதியில் சீ-நோர் நிறுவனம் தோன்றி, காரைநகரிலே படகுத்தளம் அமைத்தது. பின்னர் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு ‘பைபர்’ வள்ளம் தீவெங்கும் பரவி, இன்று நம் இயந்திரக் கலங்களுள் தொகையிற் பெரியதாக நிற்கின்றது. பாரம் குறைவு, சிலர் கூடினால் கரையேற்றலாம், காட்டு மரத்தை வெட்டத் தேவையில்லை. மீனவன் அதனை விரும்பியதில் வியப்பில்லை. 2004 கடற்கோளின் பின்னர், உதவியென்று வந்த பணத்தை நம்பிப் புதிய அச்சுக்கள் பல முளைத்தன. அவ்வாறு வந்த படகுகளிற் பல தரமற்றவை என்று உணவு விவசாய நிறுவனமே எச்சரிக்க நேர்ந்தது. அச்சிருந்தாற் போதும், அறிவு வேண்டாம் என்ற எண்ணத்தின் விளைவு அது.

அமெரிக்கனின் றைற்றன் விடுமுறைக்கு ஓடுவது; நம் மீனவனின் வள்ளம் அடுப்பெரிய ஓடுவது. மணலில் நாள்தோறும் இழுபட்டு அதன் அடிப்புறம் தேய, வெள்ளை இழை வெளியே தெரியும். அப்பொழுது அதனைப் பூவரச நிழலிற் கவிழ்த்து, தேய்த்து, இழைப்பாயும் றெசினும் வைத்து ஒட்டுகின்றனர். முகமூடி இல்லை, கையுறை இல்லை, மேலெல்லாம் தூசி. கையில் ஒட்டிய பிசினை மண்ணெண்ணெயாற் கழுவுகின்றனர். ஒட்டு நன்றாக இறுகுவதற்கு முன்பே வள்ளம் கடலில் இறங்குவதையும் கண்டிருக்கின்றோம். கரையில் நின்ற நாளுக்குச் சம்மாட்டி பணம் தருவதில்லை.