வேர்க்கல்

வேர்க்கல் என்பது, பண்டைய மண்ணில் வளர்ந்த தாவரங்களின் வேர்த்தடங்கள் கனிமமாகி இறுகிய வடிவமாகும். புவியியலில் இது ரைசோலித் எனப்படுகிறது. கிரேக்க மொழியில் ரைசா என்பது வேரையும் லித்தோஸ் என்பது கல்லையும் குறிக்கும்.

பவளமா, வேரா?

1791-ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கடற்பயணி ஜார்ஜ் வான்கூவர், மேற்கு ஆஸ்திரேலியாவின் பால்ட் ஹெட் குன்றின் மேல் கிளைவிட்ட கற்களைக் கண்டு அவற்றைப் பவளம் எனக் கருதினார். பவளம் கடலில் வளர்வது. ஆகவே அக்குன்று ஒருகாலத்தில் கடலுக்கடியில் இருந்தது என்று முடிவு செய்தார். 1836 மார்ச்சில் பீகிள் கப்பலில் அங்கு சென்ற சார்லஸ் டார்வின் வேறு விளக்கம் தந்தார். காற்று குவித்த சுண்ணாம்பு மணலில் மரங்கள் புதைந்தன. அவற்றின் வேர்களும் கிளைகளும் மக்கியபின் எஞ்சிய துளைகளை, மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு நிரப்பியது என்றார். கடலடி எனக் கருதப்பட்ட இடம் நிலம் என்றானது.

உருவாகும் முறையும் அடையாளமும்

உயிருள்ள வேரைச் சுற்றியும் சுண்ணாம்பு படிவதுண்டு. வேர் நீரை உறிஞ்சும்போது மண்ணில் சுண்ணாம்புச் செறிவு கூடுவது இதற்கு ஒரு காரணம். வறண்ட பகுதிகளில் இது மிகுதி. 1980-இல் காலின் கிளாப்பா வேர்க்கற்களை ஐந்து வகைகளாகப் பிரித்தார். கீழ்நோக்கிச் செல்லச் செல்லக் குறுகுவதும், மேலும் மேலும் மெல்லிய கிளைகளாகப் பிரிவதும் வேரின் முக்கிய அடையாளங்கள்.

தமிழ்நாட்டில்

கன்னியாகுமரிக் கடற்கரையில், காற்று குவித்த சுண்ணாம்பு மணல் இறுகிய பாறைகள் உள்ளன. டார்வின் கண்டதும் இவ்வகைப் பாறையே. உள்மாவட்டங்களின் வறண்ட மண்ணில் சுக்கான் கல் எனப்படும் சுண்ணாம்புக் கட்டிகள் கிடைக்கின்றன. கோயம்புத்தூர்ப் பகுதியின் இத்தகைய படிவுகளில் உள்ள கார்பன், ஆக்சிசன் ஓரிடத்தான்களை (ஐசோடோப்புகளை) ஹேமா அச்சுதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அளந்து, பழைய பருவமழையின் போக்கை ஆராய்ந்துள்ளனர்.

காக்க வேண்டிய சான்று

சுக்கான் கல் நெடுங்காலமாகச் சுண்ணாம்புக் காளவாய்களில் சுடப்பட்டு வந்தது. இன்று கிணறு, சாலைப் பணிகளிலும் தோண்டி அகற்றப்படுகிறது. ஒரு வேர்க்கல் எந்த ஆழத்தில், எந்தத் திசையில், எந்த மண்ணடுக்கில் இருந்தது என்பதே அதன் செய்தி. இடம் பெயர்ந்தபின் அது வெறும் சுண்ணாம்புத் துண்டாகிவிடும். எனவே வெட்டுச்சுவரில் இத்தகைய தடங்களைக் காண்போர், அவற்றைப் பிடுங்கும் முன் இருந்த நிலையிலேயே படமெடுத்து ஆழத்தைக் குறித்து வைப்பது நன்று.