எக்ஸ்டெண்டட் வாரண்டி

தயாரிப்பு நிறுவனம் தரும் உத்தரவாதக் காலம் முடிந்தபின் வரும் பழுதுகளைச் சரிசெய்து தருவதாக, தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யப்படும் ஒப்பந்தம். சென்னை வீட்டு உபயோகப் பொருள் கடைகளில் பெரும்பாலும் பில் போடும்போதுதான் இந்தப் பேச்சு எடுக்கப்படும். வாங்குபவர் பேரம் பேசிக் களைத்திருக்கும் நேரம் அது. மாதத் தவணையில் வாங்கினால், இந்தத் தொகை தவணைக்குள் கரைந்து கண்ணில் படாமலே போகும்.

மயிலாப்பூரில் 1965இல் தொடங்கிய விவேக்ஸ், 1978இல் எச். வசந்தகுமார் தொடங்கிய வசந்த் அண்ட் கோ போன்றவை வளர்ந்த காலத்தில் கடையின் பெயரே பாதி உத்தரவாதம். இன்று ஒப்பந்தத்தை எழுதிக் கொடுப்பது பல சமயம் மூன்றாவது நிறுவனம். வரித்துறையும் இதைக் கவனிக்கிறது: 2024 ஜூன் சுற்றறிக்கைப்படி, பொருளை விற்றவர் அல்லாத ஒருவர் தரும் நீட்டிப்பு தனிச் சேவையாகவே ஜிஎஸ்டிக்கு உட்படும்.

படிக்க வேண்டியது விலக்குப் பட்டியலை. வெள்ளம், இடி, மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, துரு, கீழே விழுந்து உடைதல் ஆகியவற்றை இவ்வகை ஒப்பந்தங்கள் வழக்கமாக ஏற்பதில்லை. வெள்ளத்தையே எடுத்துக்கொள்வோம். சென்னையின் ஈக்காட்டுத்தாங்கல் அடையாற்றங்கரையில் இருக்கும் பகுதி. 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டபோது, அங்கே தரைத்தள வீடுகளுக்குள் ஆறு புகுந்தது. அந்தச் சேதத்துக்கு வேண்டியது வீட்டுப் பொருள் காப்பீடு. கவுன்ட்டரில் அதைச் சொல்பவர்கள் குறைவு. நிறுவனத்தின் சொந்த உத்தரவாதத்தையும் பார்க்க வேண்டும்: ஃபிரிட்ஜ் கம்ப்ரசருக்குப் பல நிறுவனங்கள் ஏற்கெனவே 10 ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. ஆகவே நீட்டிப்புக்குக் கொஞ்சம் நியாயம் இருப்பது டிவி பேனல், இன்வர்ட்டர் ஏசியின் பிசிபி போர்டு போன்ற, மாற்றினால் கையைக் கடிக்கும் பாகங்களில்தான்.

பிரிட்டனில் 2005ஆம் ஆண்டு ஆணைப்படி, பழுதுக் கோரிக்கை எதுவும் வைத்திராவிட்டால், வாங்கிய 45 நாளுக்குள் நீட்டிப்பை ரத்து செய்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். இந்தியாவில் கடையில் வாங்குவோருக்கு அப்படியொரு பொது விதி இல்லை. கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதைத் தடுக்கும் 2023 நவம்பர் வழிகாட்டுதல்கள் இணைய விற்பனையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சேவைக் குறைபாடு என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஒப்பந்தமே நியாயமற்றது என்று வாதிட வேண்டுமானால் மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும்.